முதல் கால் மணி நேரம்

ஊர் உலகத்தில் எவன் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடிப்பதுதான் தனசீலனுக்கு வேலை. அதற்கு மாதச் சம்பளம் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, வருஷக் கடைசியில் ஒரு பாராட்டுப் பத்திரமும் உண்டு. ஆனால் சொந்த வீட்டுக்குத் தொட்டில் வாங்கும்போது மட்டும் எல்லோரையும் போல ரிவ்யூவைப் படித்தான், எத்தனை ஸ்டார் என்று பார்த்தான், பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டான்.

பச்சைக் குறி என்றால் சும்மாவா? இப்போது நாமெல்லாம் இருக்கிறோமே, இந்தக் காலத்தில் ரிவ்யூ என்பது ஒரு கூத்து. வாங்காதவன் ஆகா ஓகோ என்று புகழ்வான். வாங்கியவன் வீட்டுக்காரியோடு சண்டை போட்ட ஆத்திரத்தில் மிக்ஸிக்கு ஒரு ஸ்டார் போடுவான். சாமானைக் கொண்டுவந்து கொடுப்பவர், "சார், அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க சார்" என்று வாசலில் நின்று கெஞ்சுவார், நாமும் முகத்துக்காகப் போட்டுத் தொலைப்போம். தனசீலன் காலத்தில் இதற்கெல்லாம் முடிவு கட்டிவிட்டார்கள். விற்கிற சாமான் ஒவ்வொன்றுக்குள்ளும் கடுகத்தனை சாட்சிச் சில்லு ஒன்று இருக்கும். எடை, சூடு, அசைவு எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். நீங்கள் ரிவ்யூ எழுதியதும், நிஜமாகவே அந்தச் சாமானை உபயோகித்தீர்களா என்று மெய்ப்பு நிலையத்தின் இயந்திரம் சில்லைக் கேட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் பச்சைக் குறி.

ஜனங்கள் சும்மா விடுவார்களா? "எங்க வீட்டு மிக்ஸியே எங்களைக் காட்டிக் கொடுக்குமா?" என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டும் பார்த்தது, இரண்டு பக்கத்துக்கும் நோகாமல் ஒரு தீர்ப்பு சொன்னது. முதன்முதலாக உபயோகிக்கும்போது, அந்த முதல் கால் மணி நேரப் பதிவு மட்டும்தான் வீட்டை விட்டு வெளியே போகலாம். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வீட்டோடு. ரிவ்யூ எழுதியவர்களுக்குப் போன் போட்டு விசாரிப்பதும் கூடாது. முன்பு அப்படி விசாரித்தவர்கள் லஞ்சம் வாங்கிக்கொண்டதால் வந்த தடை அது.

பொய் என்று தெரிந்தால் எழுதியவரின் சொல்மதிப்பு இறங்கிவிடும். சொல்மதிப்பு இறங்குவது என்றால் என்னவென்று தனசீலனின் எதிர்வீட்டுக் கனகராஜைக் கேட்க வேண்டும். மச்சினன் கம்பெனி குக்கரை அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே "அருமையான குக்கர்" என்று எழுதிவிட்டார், பாவம். அன்றிலிருந்து குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவர் புகார் சொன்னால்கூட, வேறு யாராவது வந்து சொல்லட்டும் என்கிறார்கள். வீடு வாடகைக்குக் கேட்டாலும் அதே கதை. மனுஷன் எங்கே போனாலும் சாட்சிக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு அலைகிறார்.

அன்றைக்கு தனசீலன் வீட்டில் விசேஷம். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆஸ்பத்திரியும் கோயிலுமாக அலைந்து பெற்ற பெண் குழந்தையைச் சாயங்காலம் தொட்டிலில் போடப் போகிறார்கள். "இன்னைக்குமா ஆபீஸ்? போய்த் தொலைங்க, ஆனா மூணரைக்குள்ள வந்துடணும்" என்று மிருதுளா சொல்லித்தான் அனுப்பினாள். அரை நாள் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று பீளமேட்டு மெய்ப்பு நிலைய அலுவலகத்துக்கு வந்தவன், மூன்று மணிக்குப் பையைத் தோளில் மாட்டும்போது பக்கத்து மேசை இம்தியாஸ் கூப்பிட்டான்.

"தனா, போறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் பாரு. தொட்டில் கேஸ். பாதிக்கு மேல பதிவு இடிச்சா மெஷின் சிவப்புக் குறி போடும்ல, இன்னைக்குத்தான் போட்டிருக்கு."

"நாளைக்குப் பார்க்கலாம்டா."

"ஒரு நிமிஷம்தான். தானா ஆடற தொட்டில். குழந்தையோட மூச்சுக்குத் தகுந்த மாதிரி ஆடும், ஒரு தடவை மூச்சைக் கேட்டுட்டா, அப்புறம் அது தடுமாறினா மணியடிக்கும். ரிவ்யூ எல்லாம் அஞ்சு ஸ்டார். ஆனா முதல் கால் மணி நேரத்துல உள்ள இருந்தது என்னன்னு பாரு. எடை நாலு, நாலரைக் கிலோ. சூடு இல்லை. மூச்சு இல்லை. ஒரு வீட்டுல இல்லடா, முக்கால்வாசி வீட்டுல இப்படித்தான்."

"எந்தக் கம்பெனி?"

"கண்வளர். கிணத்துக்கடவுல ஒரு அம்மா சின்னதாப் பட்டறை வச்சுப் பண்றாங்க."

தனசீலன் தோளிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

இவர்கள் பேசுவதைக் கேட்டு மேலதிகாரி ஹெலன் எழுந்து வந்தார். இருபது வருஷமாகப் பொய் ரிவ்யூக்களோடு மல்லுக்கட்டியவர். செருப்புக்கு ரிவ்யூ போடுவதற்காகச் செருப்பை மின்விசிறியில் கட்டிச் சுழற்றிய ஆசாமிகளையும், மெத்தை ரிவ்யூவுக்காக மெத்தைமேல் எருமைக்கன்றைப் படுக்க வைத்த மகானுபாவனையும் பிடித்தவர் அவர்தான். பதிவுகளை ஒரு பார்வை பார்த்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஏதோ ஒரு மூட்டையை உள்ள வச்சு ஆட்டிட்டு, காசு வாங்கிட்டு அஞ்சு ஸ்டார் எழுதியிருக்காங்க. எல்லாரும் ஏறக்குறைய ஒரே எடை வச்சிருக்காங்க பாருங்க. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கணும்."

"எல்லாமே பொய்யா மேடம்?"

"மூச்சு விடாத குழந்தையை யாருப்பா தொட்டில்ல போடுவா?"

தனசீலன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "இல்ல மேடம்... நிஜக் குழந்தையைத்தான் போட்டிருந்து, தொட்டிலுக்கு மூச்சு தெரியாமப் போயிருந்தா?"

ஹெலன் பதிவுகளை இன்னொரு தடவை பார்த்தார். "அப்படின்னா இன்னும் மோசம். குழந்தைக்கு ஒண்ணு ஆனாலும் அது மணியடிக்காது. எதுவா இருந்தாலும் இந்தத் தொட்டில் ஒரு வீட்லயும் இருக்கக்கூடாது. உத்தரவைப் போடுங்க. விற்பனை உடனே நிக்கட்டும், எழுதினவங்க சொல்மதிப்பு நாளைக் காலையில இறங்கிடும்."

தனசீலன் விரலை வைத்து உத்தரவைப் போட்டான். இத்தனை குடும்பங்களின் சொல்லுக்கு மதிப்பில்லாமல் செய்கிறோமே என்ற நினைப்பெல்லாம் அந்த நிமிஷம் அவனுக்கு வரவில்லை. அவன் கண்ணுக்குள் நின்றதெல்லாம் தன் வீட்டு ஹாலில் பூச்சுற்றி வைத்திருக்கிற கண்வளர் தொட்டில் ஒன்றுதான்.

"உன் வீட்டுல எந்தத் தொட்டில் தனா?" என்று இம்தியாஸ் கேட்டான். அவன் முகத்தைப் பார்த்ததுமே பதில் தெரிந்துவிட்டது. "டேய், இன்னும் இங்க நின்னுட்டு என்ன பண்ற? ஓடு!"

ஓடினான். படியிறங்கிக்கொண்டே மிருதுளாவுக்குப் போன் அடித்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. விசேஷ வீட்டில் யார் போனைத் தேடி எடுக்கப் போகிறார்கள்? மறுபடி மறுபடி அடித்ததில், கடைசியாக அக்கா ஹேமலதா எடுத்தாள். பின்னால் ஒரே பேச்சும் சிரிப்புமாகக் கிடந்தது.

"அக்கா! பாப்பாவைத் தொட்டில்ல போடாதீங்க!"

"என்னடா? ஒண்ணும் கேக்கல. எங்கடா இருக்க? ஊரே வந்தாச்சு, பெத்த அப்பனைக் காணோம்!"

"தொட்டில்ல போடாதீங்கக்கா! தொட்டில்ல!"

"ஆமாண்டா, தொட்டில்லதான். நேரமாச்சு, வந்து சேரு" என்று வைத்துவிட்டாள்.

ஓட்டுநர் இல்லாத ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஏறி உட்கார்ந்து, "சரவணம்பட்டி, சீக்கிரம்" என்றான். ஆட்டோவுக்குச் சீக்கிரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆள் இல்லாத சிக்னலிலும் நின்றது. பள்ளிக்கூட வாசலில் நத்தை மாதிரி ஊர்ந்தது. ஒரு நாய் சாவகாசமாகச் சாலையைக் கடக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தது. "ஐயோ, போயேன் தாயே!" என்று தனசீலன் கத்தினான். "தயவுசெய்து பொறுமையாக இருங்கள்" என்றது ஆட்டோ. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு வருஷம் கழித்து வந்த குழந்தை. நம் கையாலேயே வாங்கி வைத்தோமே, நாலு பேர் எழுதியதை நம்பி வாங்கி வைத்தோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்த வேலையில் இருந்துகொண்டு இப்படி ஏமாந்தோமே என்று தன்னைத் தானே வாயில் வந்தபடி திட்டிக்கொண்டான்.

அபார்ட்மென்ட் வாசலில் குதித்து இறங்கும்போது ஆட்டோ குழைவாகக் கேட்டது: "இந்தப் பயணம் உங்களுக்கு எப்படி இருந்தது? ஸ்டார் கொடுத்துவிட்டுச் செல்லலாமே." தனசீலன் சொன்ன பதிலை எழுதினால் நன்றாயிருக்காது.

லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மாடிப்படியில் தாவி ஏறினான். வீட்டு வாசலில் செருப்புக் குவியல். வெளியே நாற்காலிகளில் ஆம்பளைகள் உட்கார்ந்து, இலை எப்போது போடுவார்கள் என்ற கவலையோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஹால் முழுக்கப் பெண்கள். நடுவில் தொட்டில். யாரோ தாலாட்டு பாட, மற்றவர்கள் கூடச் சேர்ந்து பாடிக்கொண்டே ஆட்ட, தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. புதுத் துணியில் சுற்றி, தலைக்குக் குல்லாய் வைத்து, மைப்பொட்டு இட்டு, உள்ளே கிடத்தியாகிவிட்டது.

"நிறுத்துங்க!"

பாட்டு நின்றது. தனசீலன் இரண்டு பெண்களை ஏறக்குறையத் தள்ளிக்கொண்டு போய்த் தொட்டிலுக்குள் கையை விட்டு, துணியோடு அள்ளித் தூக்கினான். கனத்தது. துணிக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. அசைவே இல்லை. கன்னத்தைத் தொட்டான். விறைப்பாக, குளிர்ந்து கிடந்தது.

அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "பாப்பா..." என்றான். துணியை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏனுங்க?" என்று மிருதுளா உள் அறையிலிருந்து வந்து நின்றாள். அவள் கையில் குழந்தை. இந்த அமளியில் தூக்கம் கலைந்த கோபத்தில், முகமெல்லாம் சிவந்து, அப்பாவைப் பார்த்து ஒரே கத்தாகக் கத்தியது.

தனசீலன் அந்தக் குழந்தையைப் பார்த்தான். கையில் இருப்பதைப் பார்த்தான். குல்லாயை விலக்கினான். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்த அம்மிக் குழவி ஒன்று அவனைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

முதலில் சிரித்தது ஹேமலதாதான். பிறகு ஹாலே சிரித்தது. "அடப்பாவி, பெத்த பிள்ளைக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியலையாடா உனக்கு!" என்று அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூக்கும் முழியும் அப்படியே அப்பன் ஜாடை" என்றாள் ஒருத்தி. வெளியே இருந்த ஆம்பளைகள் இலை போட்டுவிட்டார்களோ என்று எட்டிப் பார்த்தார்கள். தனசீலன் மட்டும் சிரிக்கவில்லை. குழவியை இறக்கி வைத்துவிட்டு, மிருதுளாவிடமிருந்து குழந்தையை வாங்கி, அதன் கழுத்து மடிப்பில் மூக்கை வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதான். கதகதவென்று இருந்தது. உயிர் போய் உயிர் வந்தது அவனுக்கு.

அழுகிறான் என்று தெரிந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. மிருதுளா அவனை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் கொடுத்து, "என்னாச்சுங்க? சொல்லுங்க" என்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"வெறுந்தொட்டிலை ஆட்டக்கூடாதுங்க. அதான் முதல்ல கல்லைப் போட்டு ஆட்டறது" என்றாள் மிருதுளா. "கண்ணு பட்டா கல்லுமேல போகட்டும், குழந்தையும் கல்லாட்டம் திடமா இருக்கட்டும்னு. கொஞ்ச நேரம் பாட்டெல்லாம் பாடிட்டு, அப்புறம்தான் குழந்தை. உங்களுக்கு இதுகூடத் தெரியாதா?"

"எத்தனை தொட்டில் விசேஷத்துக்குப் போயிருப்பேன்! நான் பார்த்ததே இல்லை."

"எங்க பார்ப்பீங்க? நீங்கெல்லாம் பந்தியில இல்ல உட்கார்ந்திருப்பீங்க."

"இந்தக் காலத்துல அம்மிக் குழவிக்கு எங்க போனீங்க?"

"கீழ் வீட்ல ஒண்ணு இருக்கு. யாரும் அரைக்கறது கிடையாது. ஒவ்வொரு அபார்ட்மென்ட்லயும் இப்படி ஒரு குழவி, எந்த வீட்ல குழந்தை பொறந்தாலும் அதைத்தான் வாங்கிட்டுப் போவாங்க." அவள் குழந்தையின் குல்லாயைச் சரி செய்தாள். "உங்க ஆபீஸ்ல யாராச்சும் ஒருத்தர் அந்த வீடுகளுக்குப் போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பாங்களே."

முதல் கால் மணி நேரம். எடை நாலு, நாலரைக் கிலோ. சூடு இல்லை, மூச்சு இல்லை. தனசீலன் தலையில் கையை வைத்துக்கொண்டான். பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று கூடிக் கூடிப் பாடிய அத்தனை குடும்பத்தையும் பொய்யர்கள் என்று எழுதி, கீழே தன் விரலையும் வைத்துவிட்டு வந்திருக்கிறான்! விடிந்தால் அத்தனை பேரும் எதிர்வீட்டுக் கனகராஜைப் போல சாட்சிக்கு ஆள் தேடி அலைய வேண்டும்.

ஹாலில் மறுபடி பாட்டு ஆரம்பித்தது. ஹேமலதா குழவியை எடுத்துவிட்டுக் குழந்தையைக் கிடத்தினாள். தொட்டில் ஒரு நொடி நிதானித்து, குழந்தையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப ஆடத் தொடங்கியது. விளிம்பில் இருந்த சின்னப் பச்சை விளக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கியது. தனசீலன் சோதனைக்கு ஒரு தடவை குழந்தையைத் தூக்கிப் பார்த்தான். உடனே மணியடித்தது. "போதும்டா உன் ஆபீஸ் புத்தி, கீழ போடு பிள்ளையை" என்று அக்கா அதட்டினாள். போட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான்.

ஹெலன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "எங்க வீட்டுல ஜெபம் பண்ணிட்டு நேரா குழந்தையைப் படுக்க வச்சிடுவோம்" என்றார். "எங்க வீட்டுலயும் கல்லு கிடையாது" என்று இம்தியாஸின் குரல் பக்கத்தில் கேட்டது. "எனக்கு இது தெரியவே தெரியாதுடா."

"நம்ம செக்ஷன்லயே தெரிஞ்சிருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான் மேடம். நான் பந்தியில இருந்துட்டேன்."

"சந்தோஷம் தனசீலன், குழந்தை நல்லா இருக்கே, அதுவே போதும். ஆனா உத்தரவை ரத்து பண்ண, உங்க வீட்டு விசேஷத்தை மட்டும் காட்டினா மேல இருக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க. ஏமாத்தறவனும் கல்லைத்தானே வைப்பான்?"

"மத்த கம்பெனித் தொட்டிலையும் திறந்து பாருங்க மேடம். இது வழக்கம்னா எல்லாத் தொட்டில்லயும் கல்லு இருக்கணும். சில வீட்ல இருக்கும், உங்க வீடு மாதிரி சில வீட்ல இருக்காது."

ஹெலனுக்கு அது நியாயமான பேச்சாகத் தோன்றியது. இம்தியாஸ் ஒவ்வொரு கம்பெனியாகத் திறந்தான். பால்கனியில் நின்ற தனசீலனுக்கு அவன் குரல் மட்டும் கேட்டது. "இதுல கல்லு இருக்கு மேடம். இதுலயும் இருக்கு, பாதிக்குப் பாதி. மதுரைப் பக்கம் கொஞ்சம் கம்மி. இதுல நேரா குழந்தை, அடுத்ததுல கல்லு..." ஹெலன் பெருமூச்சு விடுவதும் கேட்டது. "அப்பாடா" என்றார். "அத்தனை பேரும் நிஜமாத்தான் எழுதியிருக்காங்க. நான் ரத்து பண்ணிடறேன்."

தனசீலனுக்கு மார்பில் இருந்த பாரம் இறங்கியது. நன்றி சொல்லி வைக்கப் போகும்போது இம்தியாஸ், "ஒரு நிமிஷம் மேடம்" என்றான்.

"என்ன?"

"இந்தப் பெரிய கம்பெனி, பொன்மஞ்சம். நம்ம மெஷின் நூத்துக்கு நூறு போட்டு முதல் இடத்துல வச்சிருக்கற தொட்டில். இதுல ஒரு வீட்லகூடக் கல்லு இல்லை."

"எங்க வீடு மாதிரி இருக்கலாமே."

"எல்லா வீடுமா மேடம்? நூத்துக்கணக்குல எழுதியிருக்காங்க. எல்லாம் குழந்தைதான். சூடு சரியா இருக்கு, மூச்சு சரியா இருக்கு. ஆனா எல்லாக் குழந்தைக்கும் ஒரே மூச்சு. கால் மணி நேரத்துல ஒண்ணுகூடச் சிணுங்கலை. ஒண்ணுகூடக் காலை உதைக்கலை. ஒரு தும்மல்கூட இல்ல மேடம்."

மெய்ப்பு நிலையத்தில் சிவப்புக் குறியைத்தான் திறந்து பார்ப்பார்கள். நூற்றுக்கு நூறு வாங்கியவனை யார் திறந்து பார்த்தார்கள்?

"அந்தத் தொட்டில்ல எந்தக் குழந்தையுமே படுக்கலை" என்றான் தனசீலன்.

"ஏதோ சூடு பண்ணி மூச்சு விடற பொம்மையை வச்சிருக்கானுங்க. நல்லவேளை, இன்னைக்கே தெரிஞ்சுது" என்றார் ஹெலன். அவர் குரலில் கோபத்தைவிட ஆறுதல்தான் அதிகம் இருந்தது. உடனே அதிகாரியாகிவிட்டார். "அப்போ இனிமே கல்லு இருக்கான்னு பார்க்கச் சொல்லி மெஷினுக்குக் கத்துக் கொடுத்துடலாமா?"

"வேண்டாம் மேடம். நாளைக்கே அவனுங்களும் ஆளுக்கொரு குழவி வாங்கிடுவானுங்க. அதுமில்லாம கல்லு போடாத நல்ல வீடுகளை என்ன பண்றது?"

"பின்ன எப்படித்தான் கண்டுபிடிக்கறது?"

"போன் பண்ணிக் கேட்கலாம்."

"விதிப்படி தப்பு."

"தப்புதான். என் பேர்ல எழுதிக்கோங்க. நான் பேசறேன்."

ஹெலன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொன்மஞ்சத்துக்கு ரிவ்யூ எழுதிய நம்பர்களில் ஒன்றை இம்தியாஸ் அனுப்பினான். அப்படி ஒரு நம்பரே உபயோகத்தில் இல்லை. அடுத்ததும் இல்லை. அதற்கடுத்ததை எடுத்தவர் ஒரு லாரி ஷெட்காரர். தொட்டிலா, எந்தத் தொட்டில் என்று கேட்டார்.

பிறகு கண்வளர் தொட்டிலுக்கு எழுதிய ஒரு நம்பர் வந்தது. அஞ்சு ஸ்டார் போட்டு, 'நல்ல தொட்டில்' என்று இரண்டே வார்த்தை எழுதிய யாரோ ஒரு பெண். இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டாள்.

"வணக்கம்ங்க, மெய்ப்பு நிலையத்திலிருந்து பேசறேன். நீங்க வாங்கின தொட்டிலைப் பத்தி..."

"அய்யோ, மெதுவாப் பேசுங்க!" என்று அந்தப் பெண் ரகசியக் குரலில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு மணி நேரமா அழுதுபோட்டு இப்பத்தானுங்க கண்ணை மூடியிருக்கான். பக்கத்துலயே தொட்டில்ல கிடக்கறானுங்க. எதுவா இருந்தாலும் அப்புறம் கூப்பிடுங்க, சாமி."

"சரிங்க" என்று தனசீலனும் ரகசியமாகவே சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை முழித்துவிடாதபடி போனை மெல்ல வைத்தான்.